விரல் பூட்டும் ஒரு சாவித் துளையும்

பூட்டு என்று யாராவது பேச்செடுத்தாலே எனக்கு இப்போதெல்லாம் அலுப்பு வந்துவிடுகிறது. ஆயுசில் பாதியைக் கதவு திறந்தும் மூடியும் கழித்தவளுக்கு வேறென்ன வரும்? போன மாதம் மருமகள் ரம்யா போனைத் தூக்கிக்கொண்டு என் கட்டிலுக்கே வந்துவிட்டாள்.

"அத்தே, இத்த பாருங்களேன். விரல் வெச்சா தொறக்குது, நம்பர் போட்டா தொறக்குது, கார்டு காட்டினா தொறக்குது. நான் கம்பெனில நின்னுகினே போன்ல தொறக்கலாம். நீங்கதான் பூட்டுல பெரிய ஆளாச்சே, சொல்லுங்க."

"உன் போன லைன்ல உள்ள வுடறாங்களா?"

"எங்க, கேட்லயே லாக்கர்ல வெச்சிட்டுத்தான் போணும்."

"அப்ப போன்ல யாரு தொறப்பா? லாக்கரா?"

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள். என் மகனுக்கும் அதே கதைதான். இருவரும் வேறு வேறு தொழிற்சாலை, வேறு வேறு ஷிப்டு. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் புதிதாக வாங்கிய இந்த அடுக்குமாடி வீட்டில் பகல் பொழுது முழுக்க இருப்பவள் நான் ஒருத்திதான். முட்டி இரண்டும் தேய்ந்து போனவள். ஆக, அவர்கள் வாங்கப்போகிற பூட்டுக்கு உள்பக்கம் இருக்கப் போவது நான். அதனால்தான் அலுப்பாக இருந்தாலும் உட்கார்ந்து யோசித்தேன். நான் இருந்த வேலையில் இப்போது இருக்கிற பிள்ளைகளும், "அக்கா, அந்தக் கதவு விஷயத்தை எழுதிக் குடுங்க" என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ரம்யாவுக்குச் சொன்னதையே அவர்களுக்கும் எழுதிவிடுகிறேன்.

நான் ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள். வார்டனாக ஒன்றும் சேரவில்லை. வல்லக்கோட்டைக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊர். படிப்பு எட்டாவதோடு நின்றது. விடுதிச் சமையலறைக்கு வெங்காயம் உரிக்கப் போனேன், அங்கிருந்து பரிமாற வந்தேன், அப்புறம் கவுண்டரில் ஆள் இல்லாத நாளில் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன், எழுந்திருக்கவில்லை. படித்தது எல்லாம் பஜ்ஜி மடித்த தாளிலும், பிள்ளைகள் பேசக் கேட்டதிலும்தான்.

பிள்ளைகள் என்றால் தென்காசி, சங்கரன்கோவில், ராமநாதபுரம் என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். ஓர் அறைக்கு ஆறு பேர். மூன்று ஷிப்டு. ஒருத்தி எழுந்து போன கட்டிலில் சூடு ஆறுவதற்குள் இன்னொருத்தி வந்து படுப்பாள். அறைக்கு ஒரு தொங்கு பூட்டு, ஒரு சாவி, ஆபீசில் இன்னொன்று.

ஆறு பேருக்கு ஒரு சாவி என்றால் எப்படி என்று கேட்பீர்கள். அதற்கு அவர்களே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ் விடுதி வாசலில் வந்து நிற்கும். இறங்குகிறவர்கள் இறங்க, ஏறுகிறவர்கள் அதே பஸ்ஸில் ஏறுவார்கள். அந்தப் படிக்கட்டு நெரிசலில் சாவி கை மாறும். சாவி மட்டும் மாறாது, கூடவே ஒரு வார்த்தையும் மாறும்.

"இந்தா பிடி. தண்ணி வரல, பக்கெட்ல பிடிச்சு வச்சிருக்கேன்."

"தேவி இப்பந்தான் கண்ணசந்தா, லைட்டப் போட்டுராத."

"எங்கம்மா முறுக்கு குடுத்து விட்டிருக்கு, டப்பா எங்கட்டிலுக்குக் கீழ. மொத்தத்தையும் முழுங்கிராத, மூதி."

நான் கவுண்டரில் உட்கார்ந்தபடியே யாருக்கு வயிற்றுவலி, யார் வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள், யார் யாரோடு பேசுவதில்லை என்று எல்லாம் தெரிந்துகொள்வேன். ஒட்டுக் கேட்டதாக நினைக்க வேண்டாம். பஸ் இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் பேசுவார்கள்.

அந்தச் சாவியால் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் பழங்காலத்துக்கு வக்காலத்து வாங்குவதாக ஆகிவிடும். தொலைப்பார்கள், ஆபீஸ் சாவியையும் வாங்கிப்போய்த் தொலைப்பார்கள். கம்பெனி லாக்கரில் வைத்துவிட்டு வருவார்கள். பஸ் மாறிப் போனால் அடுத்தவள் படியிலேயே உட்கார்ந்தபடி தூங்குவாள். பூட்டை உடைக்க நான் சுத்தியலும் கையுமாக மாடி ஏறி இறங்கியதில்தான் என் முட்டி போனது. வேலையை விட்டுப் போகிறவள் சாவிக்கு நகல் எடுத்து வைத்திருக்கிறாளா என்பது கடவுளுக்குத்தான் தெரியும். ஒரு பெண்ணின் அண்ணன், பார்வையாளர் நாளில் வந்தவன், தங்கையின் சாவியைக் கொண்டுபோய் நகல் எடுத்துவிட்டான். அவளைக் கட்டாயக் கல்யாணத்துக்கு இழுத்துப் போகத் திட்டம். அவன் எப்போது வருவானோ என்று அந்தப் பெண் கட்டிலைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துத் தூங்கினாள்.

அப்படிப்பட்ட சமயத்தில்தான் விரல் பூட்டு வந்தது. வந்த நேரத்தில் விடுதி மேனேஜராக இருந்தவர் கஸ்தூரி மேடம்.

கஸ்தூரி மேடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஒட்டிய வயிறும் இஸ்திரி போட்ட காட்டன் புடவையுமாக வந்து நிற்பார். யார் எந்தப் பொருளைக் கொண்டுவந்து காட்டினாலும், அதன் பெருமையை எல்லாம் முழுசாகச் சொல்ல விடுவார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்பார்: "சரி, இது வேலை செய்யலன்னா?"

லிப்ட்காரரிடம் கேட்டார். தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின்காரரிடம் கேட்டார். இட்லிப் பானை விற்க வந்தவரிடமும் கேட்டார். அவர், "மேடம், அது பானைங்க, அதுல வேலை செய்யறதுக்கு இன்னா கீது?" என்று முழித்தார். "மூடி டைட்டாகி ஆவி வெளிய போகலன்னா?" என்றார் மேடம். பிள்ளைகள் அவருக்கு 'செய்யலன்னா மேடம்' என்று பேர் வைத்திருந்தார்கள். அவருக்கும் தெரியும். சிரித்துக்கொள்வார்.

பூட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு தம்பி வந்து மாதிரிப் பூட்டை மேசைமேல் வைத்தார். விரல் வைத்தார், திறந்தது. மேடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னிடம், "சரோஜா, அஞ்சு பிள்ளைங்கள வரச் சொல்லுங்க. யார் யாருன்னு நான் சொல்றேன்" என்றார். இரும்பு வார்ப்புகளை உரசி வழவழப்பாக்குகிற லைனில் ஒருத்தி, நாள் முழுக்கக் கையுறை போட்டு விரல் ஊறிப் போனவள் ஒருத்தி, எண்ணெய்ப் பிசுக்குப் போக ரசாயனத்தில் மெஷின் பாகம் கழுவுகிறவள் ஒருத்தி, அக்கா கல்யாணத்துக்கு மருதாணி வைத்துக்கொண்டு வந்தவள் ஒருத்தி, துணி துவைத்துக்கொண்டிருந்தவளை அப்படியே ஈரக் கையோடு.

உரசுகிற லைன் பெண்ணின் விரலைப் பூட்டு கண்டுகொள்ளவே இல்லை. திரும்பத் திரும்ப வைத்தாள், சிவப்பு விளக்குதான் எரிந்தது. "என் ரேகைய கம்பெனி தேச்சு எடுத்துக்கிச்சு மேடம். ஊர்ல ஜோசியக்காரனே என் கையப் பாத்துட்டு, வேற கை இருக்காம்மான்னு கேட்டான்" என்றாள் அவள். அந்தத் தம்பியே சிரித்துவிட்டார். நல்ல பையன்தான். எதையும் மறைக்கவில்லை. விரல் சரிவராதவர்களுக்கு எண் இருக்கிறது, அட்டை இருக்கிறது, பேட்டரி தீர்ந்தால் சதுர பேட்டரி ஒன்றை வெளியே அடியில் தொட்டுப் பிடித்தால் உயிர் வரும், அதுவும் இல்லாவிட்டால் மூடிக்குள்ளே சாவித் துளை ஒன்று இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். உள்பக்கம் ஒரு சின்ன திருகு. தூங்கும்போது அதைத் திருப்பிவிட்டால் வெளியிலிருந்து விரல், எண், அட்டை எதுவும் செல்லாது. சாவி மட்டும்தான் செல்லும்.

"சாவித் துளை இல்லாத மாடல் பார்க்க இன்னும் அழகா இருக்கும் மேடம், ஹெட் ஆபீஸ்ல அதைத்தான் விரும்பறாங்க" என்றார்.

"அழகு நமக்கெதுக்கு? துளை இருக்கறதே வரட்டும்" என்றார் மேடம்.

வந்தது. ஒரு வாரத்தில் எல்லாக் கதவுக்கும் மாட்டிவிட்டார்கள். எங்கள் வாட்ச்மேன் முனுசாமி அண்ணனுக்கு மட்டும் பிடிக்கவில்லை. "கதவுன்னா சும்மா இருக்கணும்மா. இது கிய்யா கிய்யான்னு பேசிகினே கீது" என்றார். மற்ற எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். சுத்தியலைக் கொண்டுபோய் சமையலறையில் தேங்காய் உடைக்கக் கொடுத்துவிட்டேன். சாவிக்கு நகல் எடுத்த தன் அண்ணனுக்குப் பயந்த அந்தப் பெண் முதல் நாள் காலையில் கவுண்டருக்கு வந்து, "அக்கா, நேத்துதான் கட்டில நகட்டாம தூங்குனேன்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகவே அந்தப் பூட்டை நான் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன்.

பஸ் வந்தது, போனது. இறங்கினவர்கள் நேராக மாடிக்குப் போனார்கள், ஏறினவர்கள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஏறினார்கள். வாசல் அமைதியாகிவிட்டது. எனக்கு அது அப்போது ஓய்வாகத்தான் இருந்தது.

மழைக்காலம். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண் முத்துமாரி. மெலிந்த பெண், பேச்சு அதிகம் கிடையாது. வேலை நிரந்தரமாகிற நேரம், லீவு போட்டால் பேர் தள்ளிப்போகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். காய்ச்சலோடு நைட் ஷிப்டு போய்க்கொண்டிருந்திருக்கிறாள். அந்த மாதம் அவள் அறையில் மற்றவர்கள் எல்லாரும் வேறு ஷிப்டு. இவள் வரும்போது அவர்கள் போயிருப்பார்கள், அவர்கள் வரும்போது இவள் போர்த்திப் படுத்திருப்பாள். ஆளுக்கு ஆள் விரல் இருக்கிறது. யாரும் யாரையும் பார்க்கத் தேவையில்லை.

ஒரு நாள் மத்தியானம், நான் ஆபீசில் இருந்தேன். ஆபீஸ் கதவுக்கும் அதே பூட்டு. நாள் முழுக்கத் திறந்து மூடுகிற கதவு என்பதால் அதற்குப் பேட்டரி சீக்கிரம் தீரும். தீரப்போகிறது என்று சில நாட்களாகவே கத்திக்கொண்டிருந்தது. புது பேட்டரி கேட்டு ஸ்டோருக்கு இன்டென்ட் எழுதிப் போட்டாயிற்று, கையெழுத்தாகி வர வேண்டும். அதற்குள் அந்தச் சத்தம் எங்கள் காதுக்குப் பழகிவிட்டது, ஃபேன் சத்தம் மாதிரி.

முத்துமாரியின் அறைக்காரி தேவி மாடியிலிருந்து ஓடி வந்தாள். "அக்கா, கதவு தெறக்க மாட்டேங்கு. உள்ள திருகு போட்ருக்கா. தட்டித் தட்டிப் பாத்துட்டேன், போன் உள்ள அடிக்கத்தான் செய்யுது, எடுக்க மாட்டேங்கா."

நான் அப்படியே எழுந்து அவளோடு மாடிக்கு ஓடினேன். என் பின்னால் ஆபீஸ் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. பூட்ட மறந்துவிடுவோம் என்ற கவலையே வேண்டாம், தானே பூட்டிக்கொள்ளும் என்று அந்தத் தம்பி பெருமையாகச் சொன்ன வசதி அது.

மாடியில் நானும் தட்டினேன். பேர் சொல்லிக் கத்தினேன். தேவி ஸ்டூல் போட்டு மேலே இருக்கிற காற்றுத் துவாரம் வழியாகப் பார்த்தாள். "அக்கா, கட்டிலுக்குக் கீழ விழுந்து கெடக்கா. அசையல."

சாவி வேண்டும். எல்லா அறைச் சாவிகளும் கண்ணாடி போட்ட பெட்டியில் வரிசையாகத் தொங்குகின்றன. பெட்டி ஆபீஸ் சுவரில் இருக்கிறது. படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. ஆபீஸ் கதவில் விரலை வைத்தேன். விளக்கு வரவில்லை. எண் போட்டேன். சத்தமும் இல்லை. நாள் கணக்காகக் கத்திக்கொண்டிருந்தது, அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டது.

"சதுர பேட்டரி எங்கம்மா?" என்று முனுசாமி அண்ணன் கேட்டார்.

உள்ளே, என் மேசை டிராயரில்.

"இந்தக் கதவு சாவி?"

அதுவும் உள்ளே, அதே கண்ணாடிப் பெட்டியில், முதல் கொக்கியில்.

அண்ணன் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். எங்கள் எல்லாருக்கும் கண் இருந்தது. தினமும் அந்தப் பெட்டியைத் துடைத்துப் பொட்டு வைத்து ஆயுதபூஜைகூடப் போட்டிருக்கிறோம்.

கஸ்தூரி மேடம் சாப்பாட்டுக் கூடத்திலிருந்து வந்தார். விஷயத்தை நான் பாதி சொல்லும்போதே புரிந்துகொண்டார். ஆபீசுக்குள் எட்டிப் பார்க்கிற கவுண்டர் கண்ணாடியைப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த தீயணைக்கும் சிலிண்டரைக் கழற்றிக் கையில் எடுத்தார். அப்போதும் குரல் உயரவில்லை. "எல்லாரும் செருப்பு போட்டுக்கோங்க. தேவி, நீதான் ஒல்லி, நீ உள்ள போகணும், கையில துண்டு சுத்திக்கோ. அண்ணா, ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டு கேட்டைத் திறந்து வைங்க." அப்புறம்தான் அடித்தார். ஒரே அடி.

தேவி உள்ளே குதித்துக் கதவைத் திறந்தாள். உள்ளிருந்து கைப்பிடியைத் திருப்பினால் போதும், பேட்டரி தேவையில்லை. சாவியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனால், சாவித் துளையின் மூடி கழலவில்லை. கதவுக்குப் பெயின்ட் அடித்தவர்கள் அதையும் சேர்த்து அடித்துவிட்டார்கள். யாரும் ஒரு தடவைகூடத் திறந்து பார்த்ததில்லை. மேடம் தன் கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவிப் பெயின்டைக் கீறிக் கீறி மூடியைக் கிளப்பினார். முடி அவிழ்ந்து தோளில் விழுந்தது, ஒதுக்கிக்கொள்ளக்கூட இல்லை.

கதவு திறந்தது. பிள்ளையின் உடம்பு அடுப்பாகக் கொதித்தது. மூச்சு இருந்தது.

டெங்கு என்றார்கள். இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், மேடம் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டார். கேட்க முடியவில்லை போல. ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து, அவிழ்ந்த முடியை முடிந்துகொண்டே சொன்னார்: "இட்லிப் பானைக்குக்கூடக் கேட்டேன் சரோஜா. என் ஆபீஸ் கதவுக்கு மட்டும் கேக்கல."

முத்துமாரி தேறி வந்ததும் நான் திட்டினேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்றேன். அவள் போர்வையை இழுத்துக்கொண்டு மெதுவாக, "யார்ட்டக்கா சொல்ல? எல்லார் மூஞ்சியும் பாத்தே பத்து நாளாச்சு. முன்னன்னா சாவி குடுக்கும்போது சொல்லியிருப்பேம்லா" என்றாள்.

கஞ்சி டம்ளரை அவள் கையில் கொடுத்தேன்.

மேடம் தன்னால் முடிந்ததைச் செய்தார். சாவிப் பெட்டி வாட்ச்மேன் கூண்டுக்குப் போனது. அந்தக் கூண்டுக்குக் கதவே கிடையாது. மாதா மாதம் கிருத்திகை அன்று, வல்லக்கோட்டை முருகனுக்குக் கூட்டம் போகிற நாள் மறக்காது என்பதால், ஒவ்வொரு பூட்டின் மூடியையும் கழற்றிச் சாவி போட்டுத் திருப்பிப் பார்க்க வேண்டும், பேட்டரி பார்க்க வேண்டும். அது நான் ஓய்வு பெறும் வரை நடந்தது. பூட்டுகளை யாரும் கழற்றவில்லை, கழற்றச் சொல்லி நானும் கேட்கவில்லை. கட்டிலை முட்டுக் கொடுத்த பெண்ணுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

இன்னொன்றும் செய்து பார்த்தார். பஸ்ஸில் ஏறுகிறவள் இறங்குகிறவளிடம் அறையில் யார் இருக்கிறார்கள், எப்படி இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்றார். கொஞ்ச நாள் நடந்தது. "ரூம்ல ரெண்டு பேர், உயிரோடத்தான் இருக்காளுவ" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு ஏறுவார்கள். அப்புறம் அதுவும் நின்றது. உத்தரவு போட்டு வரவழைக்கிற பேச்சு எத்தனை நாளைக்கு ஓடும்? மேடம் வாசலில் நின்று பார்த்துவிட்டு, உள்ளே போய்விட்டார். அந்த முதுகு எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது.

இதையெல்லாம் ரம்யாவிடம் சொன்னேன். விரல் பூட்டே வாங்கு, உங்களுக்கும் சாவி தேடுகிற தொல்லை வேண்டாம். ஆனால் சாவித் துளை இருக்கட்டும், துளைக்குப் பெயின்ட் அடிக்காதே, பேட்டரியை அது கத்துவதற்கு முன்னாலேயே மாற்று, சாவி ஒன்று இந்த வீட்டுக்கு வெளியே இருக்கட்டும் என்றேன்.

"வெளியேன்னா எங்க அத்தே? செருப்பு ஸ்டாண்டுலயா?"

"ஒரு ஆளுகிட்ட."

போன வெள்ளிக்கிழமை பூட்டு மாட்டினார்கள். சாவியை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு நானே போனேன். அங்கே ஜெயந்தி என்று ஒரு பெண், வீட்டிலேயே மாவு அரைத்து விற்கிறாள். வந்ததிலிருந்து சிரித்ததோடு சரி, அதிகம் பழகவில்லை. சாவியைக் கொடுத்தேன். நான் தனியாக இருக்கிறேன், கதவு திறக்காவிட்டால் இதைப் போட்டுத் திறம்மா என்றேன். வாங்கிக் கதவுக்குப் பின்னால் இருந்த ஆணியில் மாட்டினாள்.

அப்போதுதான் கவனித்தேன். அவள் கதவிலும் அதே மாதிரி விரல் பூட்டு. என் சாவி இன்னொரு விரல் பூட்டுக்கு உள்ளே தொங்குகிறது, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏம்மா, இது வேலை செய்யலன்னா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டது என் குரல்தான், கேள்வி என்னுடையது இல்லை.

"அத்த யாரு பூட்டறாங்க? மாவு வாங்க நாள் முச்சூடும் ஆளு வந்துகினே கீது. கதவு தொறந்துதான் கெடக்கும்" என்றாள் அவள். பிறகு கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டே என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இன்னாம்மா, கண்ணெல்லாம் உள்ள போயி கீது. ராத்திரி தூங்கலியா?"

"முட்டி வலிம்மா" என்றேன். "ரெண்டு நாளா."

இதை நான் வீட்டில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.